ஒரு உலாவியில் திறக்கிறது, இன்னொன்றில் சான்றிதழ் பிழை: எங்கே தேடுவது?

கேள்வி இது: “எங்கள் தளத்தின் சான்றிதழை மூன்று நாளுக்கு முன் புதுப்பித்தேன். குரோமிலும் எட்ஜிலும் ஒரு குறையும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் சிலருக்கு மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. என் கணினியில் அதே ஃபயர்ஃபாக்ஸில் வரவில்லை. எங்கள் ஆண்ட்ராய்டு செயலியும் சர்வரோடு பேச மறுக்கிறது. சான்றிதழ் காலாவதி ஆகவில்லை, டொமைன் பெயரும் சரியாக இருக்கிறது. குரோமில் திறப்பதால் சர்வரில் தவறில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?”

எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் குறை சர்வரில்தான் இருக்கிறது. குரோம் அதைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். இடைச்சான்றிதழ் விடுபட்டிருக்கும், அல்லது பழைய இடைச்சான்றிதழ் அப்படியே கிடக்கும். பத்தில் எட்டு முறை நான் பார்ப்பது இதைத்தான்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் தளத்தின் சான்றிதழில் ரூட், அதாவது சான்றிதழ் நிறுவனத்தின் மூலச் சான்றிதழ், நேரடியாகக் கையெழுத்திடுவதில்லை. ரூட்டின் சாவியை இணைப்பே இல்லாத இடத்தில் பூட்டி வைத்திருப்பார்கள். அது சில இடைச்சான்றிதழ்களுக்கு மட்டும் கையெழுத்திடும். இன்டர்மீடியட் என்று சொல்வது அதைத்தான். அந்த இடைச்சான்றிதழ்தான் உங்களுடையதில் கையெழுத்திடுகிறது. ரூட் உலாவியிடம் முன்பே இருக்கிறது. மற்ற இரண்டையும் கொண்டுவந்து கொடுப்பது சர்வரின் வேலை. சர்வர் தளச் சான்றிதழை மட்டும் நீட்டினால், உலாவியின் கையில் நடுக்கண்ணி இல்லாத சங்கிலி இருக்கும்.

இந்த இடத்தில்தான் உலாவிகளின் சுபாவம் வேறுபடுகிறது. ஒவ்வொரு சான்றிதழுக்குள்ளும் “என்னை வெளியிட்டவரின் சான்றிதழ் இந்த முகவரியில் கிடைக்கும்” என்று ஒரு குறிப்பு இருக்கும். ஏஐஏ என்பார்கள். குரோமும் எட்ஜும் சஃபாரியும் அந்த முகவரிக்குப் போய், விடுபட்டதைத் தாங்களே எடுத்து வந்து சங்கிலியை முடித்துக்கொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் போகாது. அதற்குப் பதில் அது நினைவை நம்புகிறது. வேறு ஏதாவது தளம் அதே இடைச்சான்றிதழை ஒழுங்காக அனுப்பியிருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளும். தவிர, 2020-இல் வந்த 75-ஆம் பதிப்பிலிருந்து, மொசில்லாவுக்குத் தெரிந்த இடைச்சான்றிதழ்களைப் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே இறக்கியும் வைக்கிறது.

அதனால் ஒரே பதிப்பு ஃபயர்ஃபாக்ஸ் உங்களிடம் ஒரு மாதிரியும் இன்னொருவரிடம் வேறு மாதிரியும் நடக்கும். நீங்கள் நாள் முழுக்க இணையத்தில் இருப்பவர்; தேவையான கண்ணி எப்போதோ உங்கள் உலாவிக்கு வந்து சேர்ந்துவிட்டது. புதிதாக நிறுவியவருக்கு அது இன்னும் வரவில்லை. நானே ஒருமுறை “என் மெஷினில் வருகிறதே” என்று அரை நாள் வாதாடிவிட்டு, புதிய புரொஃபைல் (உலாவி தன் சேமிப்பையெல்லாம் வைத்திருக்கும் தொகுப்பு) ஒன்றைத் திறந்து பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பார்த்தேன் என்பது இங்கே சோதனை ஆகாது, புரொஃபைலே புதிதாக இருக்க வேண்டும்.

உங்கள் செயலிக்கும் கதை இதேதான். செயலிகள் பயன்படுத்தும் நெட்வொர்க் நூலகங்கள் பெரும்பாலும் ஏஐஏ முகவரிக்குப் போவதில்லை. லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் துணையோடு ஓடும் கர்ல் (கட்டளை வரியிலிருந்து தளத்தை அழைக்கும் கருவி), பைத்தான் நிரல்கள், ஜாவா எல்லாம் இயல்பாக அப்படித்தான். ஃபயர்ஃபாக்ஸ் பயனர் பிழையைப் பார்க்கும்போது ஆண்ட்ராய்டு செயலியும் சேர்ந்து விழுந்தால், என் சந்தேகம் வேறெங்கும் போகாது.

சரி, புதுப்பித்த பிறகு ஏன் வந்தது? பழைய சங்கிலிக் கோப்பு அங்கேயே கிடந்திருக்கும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2024 ஜூனில் ஆர்3 என்ற இடைச்சான்றிதழை விட்டுவிட்டு ஆர்10, ஆர்11 என்று புதியவற்றுக்கு மாறியது. புதுப்பிக்கும்போது எந்த இடைச்சான்றிதழ் கிடைக்கும் என்பதும் நம் கையில் இல்லை. தளச் சான்றிதழை மட்டும் மாற்றிவிட்டு, எப்போதோ கையால் நகலெடுத்த ஆர்3 கோப்பை அப்படியே வைத்திருந்தவர்கள் அன்று மாட்டிக்கொண்டார்கள். கோப்பு இருக்கிறது, ஆனால் இந்தச் சான்றிதழுக்கு அது உறவே இல்லை. பிற நிறுவனங்களும் இடைச்சான்றிதழ்களை அவ்வப்போது மாற்றுகின்றன. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வருகிற முழுச் சங்கிலியையே வைக்க வேண்டும்.

உங்கள் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால் சான்றிதழ் வரியில் ‘செர்ட்’ என்று பெயருள்ள கோப்பைக் காட்டாமல் ‘ஃபுல்செயின்’ என்று பெயருள்ள கோப்பைக் காட்டுங்கள். அப்பாச்சியில் 2.4.8 பதிப்பு முதல் ஒரே கோப்பில் இரண்டையும் வைக்கலாம். கையால் ஒட்டுவதானால் முதலில் தளச் சான்றிதழ், அப்புறம் இடைச்சான்றிதழ். ரூட்டைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் கெடுதல் இல்லை, வீண் சுமை. பிறகு சர்வரை ரீலோட் செய்ய மறக்காதீர்கள். கோப்பை மாற்றிவிட்டு ரீலோட் செய்யாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

ஆனால் கை வைப்பதற்கு முன் இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குரோமின் சான்றிதழ் சாளரத்தைத் திறந்து “மூன்று அடுக்கும் இருக்கிறதே” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே தெரிவது உலாவி தானாகக் கட்டிக்கொண்ட சங்கிலி, சர்வர் அனுப்பியது அல்ல. பலரும் வழுக்கி விழும் இடம் இது. சர்வர் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று பார்க்க, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை ‘ஷோசெர்ட்ஸ்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள், டொமைன் பெயரையும் ‘சர்வர்நேம்’ வழியாகக் கொடுங்கள். ஒரே ஒரு சான்றிதழ் வந்தால் விடை கிடைத்துவிட்டது. இரண்டு வந்தால், முதலாவதை வெளியிட்டவர் பெயரும் இரண்டாவதன் சொந்தப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கட்டளை வரி பழக்கமில்லை என்றால் குவாலிஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்எல் லேப்ஸ் என்ற இணையச் சோதனை போதும். சங்கிலி முழுமையில்லை என்றால் அதுவே சொல்லிவிடும். விண்டோஸோடு வரும் கர்ல் கொண்டு மட்டும் சோதிக்காதீர்கள். அது விண்டோஸின் சொந்தப் பொறிமுறையைப் பயன்படுத்துவதால், விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கொண்டு ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிவிடும்.

இது உங்களுக்கான நேரடிப் பதில். இதே குழப்பத்தோடு வேறு சிலரும் வருவார்கள் என்பதால் மற்ற வழிகளையும் சொல்லி வைக்கிறேன்.

எந்த வேறுபாடானாலும் நான் முதலில் கேட்பது: இரண்டு உலாவிகளும் ஒரே சான்றிதழைத்தான் பார்க்கின்றனவா? இரண்டிலும் சான்றிதழ் விவரத்தைத் திறந்து, எஸ்எச்ஏ-256 கைரேகை வரியை (சான்றிதழுக்குச் சான்றிதழ் மாறும் அடையாளக் குறி) ஒப்பிடுங்கள். எச்சரிக்கைப் பக்கத்திலிருந்தே சான்றிதழைப் பார்க்க இரண்டிலும் வழி உண்டு. ஒரு நிமிட வேலை. கைரேகை ஒன்றாக இருந்தால், ஒரே சான்றிதழை இருவரும் வேறு விதமாக மதிப்பிடுகிறார்கள். வேறாக இருந்தால், இருவரும் வேறு வேறு சர்வரோடு பேசுகிறார்கள், அல்லது நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இது தெரியாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போவது இருட்டில் ஊசி தேடுகிற வேலை.

கைரேகை வேறாக இருந்த ஒரு சம்பவம் எனக்கு மறக்காது. ஒரு தளத்தில் சான்றிதழ் புதுப்பித்து ஒரு வாரம் ஆகியும், சிலருக்குக் காலாவதி என்று வந்தது. அதே அறையில், அதே கணினியில், ஒரு உலாவியில் வந்தது, இன்னொன்றில் வரவில்லை. கடைசியில் பார்த்தால், டொமைனுக்கு இரண்டு வகை இணைய முகவரி இருந்தது. பழைய வகையான ஐபிவி4 முகவரி புதிய சர்வரைக் காட்டியது. புதிய வகையான ஐபிவி6 முகவரி எப்போதோ கைவிட்ட பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய சர்வரை அணைக்கவும் இல்லை. உலாவிகள் இரண்டு வகை முகவரியையும் முயன்று, முதலில் பதில் சொல்வதைப் பிடித்துக்கொள்ளும். எது வெல்லும் என்பது உலாவிக்கு உலாவி, சில சமயம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கர்லில் 4 என்றும் 6 என்றும் தனித்தனியே கட்டாயப்படுத்திப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது.

வருகிற கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோடு பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர்கள் இருந்து மூன்றில் மட்டும் புதுச் சான்றிதழ் ஏறியிருந்தாலும் இதே கோலம்தான். டொமைன் பெயருக்கு முகவரி கேட்கும் பெயர்த் தேடலும் (டிஎன்எஸ்) ஒரு காரணம் ஆகலாம். ஒரு உலாவி டிஎன்எஸ்ஸை எச்டிடிபிஎஸ் வழியாகத் தனிச் சேவையிடம் கேட்டு, இன்னொன்று இயங்குதளத்திடம் கேட்டால், இருவருக்கும் வேறு வேறு முகவரி கிடைக்கலாம். அலுவலக உள்வலையில் இது சகஜம். ஃபயர்ஃபாக்ஸில் பிராக்ஸி அமைப்பைத் தனியாக வைத்துக்கொள்ள முடியும் என்பதையும் பாருங்கள். உலாவி பழைய இணைப்பை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், மாற்றிய பிறகும் கொஞ்ச நேரம் பழைய சான்றிதழே தெரியும். முழுக்க மூடித் திறந்தால் போய்விடும்.

நடுவில் உட்கார்ந்திருப்பவர் என்றால் பெரும்பாலும் ஆன்டிவைரஸ், அல்லது அலுவலக ஃபயர்வால். மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க, அது ஒவ்வொரு தளத்துக்கும் தன் பேரில் ஒரு சான்றிதழை அப்போதைக்கப்போது தயாரித்துக் கொடுக்கும். ‘வெளியிட்டவர்’ என்ற இடத்தில் ஆன்டிவைரஸின் பெயர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அது தன் ரூட்டை விண்டோஸின் நம்பிக்கைப் பெட்டகத்தில் வைத்துவிடும், குரோம் ஏற்கும். ஃபயர்ஃபாக்ஸுக்குச் சொந்தப் பெட்டகம் என்பதால், அதற்கு அந்த ரூட் அந்நியம். முன்பு இந்தப் புகார் வாரம் ஒன்று வரும். 2023 நவம்பரில் வந்த 120-ஆம் பதிப்பிலிருந்து, இயங்குதளத்தில் பின்னால் சேர்த்த ரூட்டுகளை ஃபயர்ஃபாக்ஸும் இயல்பாகவே எடுத்துக்கொள்வதால் குறைந்துவிட்டது. இன்னும் வந்தால் அமைப்புகளில், மூன்றாம் தரப்பு ரூட் சான்றிதழ்களை நம்ப அனுமதிக்கும் கட்டம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், வீட்டுக் கணினியில் ஆன்டிவைரஸின் இந்த எச்டிடிபிஎஸ் சோதனையை அணைத்துவிடுவது மேல்.

இனி கைரேகையும் ஒன்று, சங்கிலியும் முழுமை, இருந்தும் ஒருவர் மறுக்கிறார் என்றால்? அப்போது யார் யாரை நம்புகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறோம்.

‘நம்பகமான சான்றிதழ் நிறுவனங்கள்’ என்று உலகத்துக்கு ஒரே பட்டியல் கிடையாது. மொசில்லா, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கூகுள் நால்வரும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். குரோம் நெடுங்காலம் இயங்குதளத்தின் பட்டியலையே நம்பியிருந்தது. 2022-இல் 105-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸிலும் மேக்கிலும் சொந்தப் பட்டியலுக்கு மாறத் தொடங்கியது. எனவே “குரோமிலும் எட்ஜிலும் ஒரே இன்ஜின்தானே” என்று நினைப்பது இந்த விஷயத்தில் சரிவராது. ஐபோனில் நிலைமை தலைகீழ். அங்கே குரோம் என்ற பெயரில் ஓடுவதும் பொதுவாக ஆப்பிளின் வெப்கிட் இன்ஜின்தான். நம்பிக்கைப் பட்டியலும் ஆப்பிளுடையது. ஐபோனில் சஃபாரியிலும் குரோமிலும் பார்த்தேன், இரண்டிலும் வருகிறது என்றால் அது இரண்டு சாட்சி இல்லை, ஒரே சாட்சி.

ஒரு நிறுவனத்தின் மேல் நம்பிக்கை போகும்போதும் எல்லோரும் ஒரே நாளில் விலக்குவதில்லை. என்ட்ரஸ்ட் என்ற சான்றிதழ் நிறுவனத்தின் விஷயத்தில் குரோம் 2024 நவம்பர் 11-க்குப் பிறகான சான்றிதழ்களை ஏற்பதில்லை என்றது. மொசில்லா வைத்த தேதி நவம்பர் 30. இடைப்பட்ட நாட்களில் வாங்கியவருக்கு ஒரே சான்றிதழ் ஒரு உலாவியில் செல்லும், இன்னொன்றில் செல்லாது. இங்கே உங்கள் சர்வரில் திருத்த ஒன்றும் இல்லை, வேறு நிறுவனத்திடம் புதிதாக வாங்குவதுதான் வழி.

சான்றிதழ் பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்ற விதியும் அப்படித்தான் வந்தது. குரோம் 2018 ஏப்ரல் முடிவிலும், ஆப்பிள் அதே ஆண்டு அக்டோபரிலும் கட்டாயமாக்கின. ஃபயர்ஃபாக்ஸ் கணினிப் பதிப்பில் 2025-இல்தான் கட்டாயம் ஆனது. இடையில் ஏழு ஆண்டுகள், பதிவேட்டில் ஏறாத சான்றிதழை ஃபயர்ஃபாக்ஸ் வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை தரும் உலாவி எப்போதும் ஒன்றே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பழைய கருவிகள் தனிக் கூட்டம். 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் ஆரம்பத்தில் சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் எக்ஸ்3 என்ற பழைய ரூட் காலாவதி ஆனபோது, லெட்ஸ் என்கிரிப்ட்டின் சொந்த ரூட்டை அறியாத பல பழைய கருவிகளில் எத்தனையோ தளங்கள் திறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்கள் பெரும்பாலும் தப்பித்தன. நம்பிக்கைப் பெட்டகத்தில் இருக்கும் ரூட்டின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்பதைப் பயன்படுத்தி, பழைய ரூட் புதிய ரூட்டுக்குப் போட்ட குறுக்குக் கையெழுத்து ஒன்றால் 2024 வரை சமாளித்தார்கள். மாறாக, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 ஓடிய சர்வர்கள் அந்தச் சங்கிலியைப் பார்த்துக் குழம்பி விழுந்தன. பழைய கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் திறந்து மற்றது திறக்கவில்லை என்றால், ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வருவதுதான் காரணமாக இருக்கும்.

சொந்தமாக ரூட் உருவாக்கி உள்வலையில் பயன்படுத்துபவர்கள் பத்து வருடத்துக்கு ஒரேயடியாகச் சான்றிதழ் போட்டுவிடுவார்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் உள்ளூர் ரூட் என்று விட்டுவிடும். ஆப்பிள் விடாது: 2019 ஜூலைக்குப் பிறகு வெளியிட்டது என்றால், நீங்களே சேர்த்த ரூட்டாக இருந்தாலும் 825 நாளுக்கு மேல் ஆயுள் கூடாது. ஐபோனில் ரூட்டை நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புகளில் ‘பற்றி’ பகுதிக்குள் போய், அந்த ரூட்டுக்கு முழு நம்பிக்கை என்ற பொத்தானையும் தனியாக இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த ரூட்டைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. உலாவியில் திறந்து செயலியில் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, பெயரைப் பழைய முறையில் ‘காமன் நேம்’ கட்டத்தில் மட்டும் போட்டிருந்தால் 2017-இல் வந்த குரோம் 58 முதல் செல்லாது. மாற்றுப் பெயர்கள் பகுதியில் இருக்க வேண்டும்.

ஒரு உலாவியில் ‘ஆபத்தை ஏற்றுத் தொடர்’ பொத்தான் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்ற புகாரும் வரும். அது வேறு பிழை அல்ல. ‘என்னிடம் எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வா’ என்று தளம் சொல்லும் எச்எஸ்டிஎஸ் அறிவிப்பை ஒருமுறை வாங்கிக்கொண்ட உலாவி அந்தத் தளத்துக்கு விதிவிலக்கே தராது. இதுவரை அந்தத் தளத்துக்குப் போகாத உலாவிக்கு அந்த அறிவிப்பு பெரும்பாலும் தெரியாது. திரும்பப் பெறப்பட்ட சான்றிதழிலும் வேறுபாடு வரலாம். குரோம் ஒவ்வொரு முறையும் வெளியிட்டவரைக் கேட்பதில்லை, கூகுள் தொகுத்து அனுப்பும் சுருக்கப் பட்டியலைப் பார்க்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு வேறு ஏற்பாடு. எனவே ரத்தான செய்தி ஒன்றுக்கு முன்னும் ஒன்றுக்குப் பின்னும் போய்ச் சேரும்.

கணினிக் கடிகாரத்தைச் சரிபார்க்கச் சொல்லி எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பார்கள். கடிகாரம் தவறினால் எல்லா உலாவியும் சேர்ந்துதான் கத்தும். ஒன்று மட்டும் கத்தும்போது கடிகாரத்தில் நேரம் கழிக்காதீர்கள். குக்கீயை அழிப்பதும் இதற்கு மருந்தில்லை. பயனர்களிடம் “குரோம் பயன்படுத்துங்கள்” என்றோ “விதிவிலக்கு சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றோ மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு உண்மையிலேயே யாராவது நடுவில் புகுந்தாலும் அவர்கள் அதே பொத்தானை அழுத்துவார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சங்கிலியைச் சரிசெய்து ரீலோட் செய்ததும், புதிய ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல் ஒன்றிலும் லினக்ஸ் கணினியில் கர்லிலும் பாருங்கள். இரண்டும் திறந்தால் உலாவிப் பக்கம் முடிந்தது. அதற்குப் பிறகும் செயலி மறுத்தால், அதை எழுதியவரிடம் ஒன்று கேளுங்கள்: பழைய இடைச்சான்றிதழின் சாவியைச் செயலிக்குள்ளேயே ‘பின்’ செய்து, அதாவது இதை மட்டுமே ஏற்கவேண்டும் என்று பதித்து வைத்திருக்கிறாரா? அப்படி என்றால் இனி சர்வரில் என்ன செய்தாலும் பயனில்லை. அந்தப் பின்னை எடுத்துவிட்டுச் செயலியின் புதிய பதிப்பை வெளியிட வேண்டியிருக்கும்.